காற்று வந்ததும் எஞ்சினை நிறுத்தியவர்

படகில் கால் வைத்தாலே வயிற்றைப் புரட்டும் ஒருவனை மீனவர்களுக்கு வாத்தியாராகப் போட்டது சர்க்கார். அந்தப் புண்ணியவான் நான்தான்.

சிக்கல் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடப் படிப்போடு பட்டறைப் படிப்பையும் சேர்த்து வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. காலையில் பூகோளம், மத்தியானம் ஸ்பேனர். அதை முடித்து, எஞ்சின் வேலையும் பழகி வெளியே வந்தபோது கைக்கு வந்தது ஒரு தற்காலிக உத்தியோகம். ராமேசுவரம் போகிற ரயில் பாதைக்குத் தெற்கே, கடலோரமாக, மீனவர் பயிற்சி நிலையம். வத்தை என்கிற சின்ன மரப்படகில் பாய் கட்டிப் போகிறவர்களுக்கு டீசல் எஞ்சின் ஓட்டக் கற்றுத்தர வேண்டும். ஆறு மாதம் சாப்பாடு, காக்கி உடுப்பு, உதவித்தொகை எல்லாம் சர்க்கார் செலவு. கடைசியில் பரீட்சை. தேறினால் சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தால் தவணையில் எஞ்சின் படகு.

தகரக் கொட்டகையில், சிமென்ட் மேடை மேல் எஞ்சினை உட்கார வைத்திருந்தோம். அது எங்கும் போகாமல் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். மத்தியான வெயிலில் அந்தச் சத்தமும் டீசல் வாடையும் கடல் வெளிச்சமும் கலந்து, பாடம் நடத்துகிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது. எதிரே பெஞ்சில் இருந்தவர்களும் அப்படித்தான். கண்கள் கரும்பலகையில் இருக்கும். ஆள் கடலில் இருப்பான்.

அவர்களில் ஒருவர் புதுமடத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பிஸ்மில்லா சொல்லித்தான் கைப்பிடியைச் சுழற்றுவார். இரண்டாவது மாதத்திலேயே, சத்தத்தைக் கேட்டு எந்த இடத்தில் கோளாறு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமை, நிறையப் பெருமை. அவரும் இரண்டு மச்சான்மாரும் சேர்ந்து எஞ்சின் படகுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அவர் தேறிவிடுவார் என்ற நம்பிக்கையில் மச்சான்மார் பழைய வத்தையை விற்றும்விட்டார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும்.

பரீட்சைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வயதானவர், மரியாதையானவர். படகைத் தெற்கே இருக்கும் தீவு வரை ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. அதிகாரி முன்னால் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல ஓரமாக, குனிவதற்குத் தோதாக. புதுமடத்துக்காரர் தீவைச் சுற்றி அழகாகத் திருப்பினார். பாதி வழி வந்திருப்போம். முதுகில் சில்லென்று பட்டது. சோழகம். கரையைப் பார்த்து வீசுகிற தென்காற்று.

அவர் எஞ்சினை நிறுத்தினார்.

எஞ்சின் மக்கர் பண்ணினால் கரைசேர ஆகட்டும் என்று படகில் ஒரு பாய் சுருட்டி வைத்திருப்போம். அதை எடுத்து விரித்துக் கட்டினார். யாரையும் கேட்கவில்லை, எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் மழை பெய்தால் கிணற்றில் கமலை இறைக்கிற மாட்டை அவிழ்த்துவிடுவோமே, அந்த மாதிரி.

ஆறு மாதமாகக் காதில் இருந்த சத்தம் போய்விட்டது. அதன்பிறகுதான் மற்றதெல்லாம் கேட்டது. தண்ணீர் பலகையை உரசிக்கொண்டு போவது, பாய் மூச்சுவிடுவது, எங்கேயோ ஒரு பறவை. படகு போவதே தெரியவில்லை. கரைதான் எங்களை நோக்கி வருவது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். அடியில் பச்சைப் பாசி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. அதற்கு மேலே எங்கள் படகின் நிழல். வயிறு புரட்டவில்லை. அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எவ்வளவு நேரமென்று எனக்குத் தெரியாது. கரை வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

படகு மெல்ல வந்து தோணித்துறையில் ஒட்டி நின்றது. அதிகாரி தொப்பியை மாட்டினார், பேனாவைத் திறந்தார். "எதுக்காக எஞ்சினை நிறுத்தினீங்க?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் முழிப்பு வந்தது. புதுமடத்துக்காரர் காதோரம் குனிந்து, "டீசல் அடைச்சுக்கிருச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்றேன்.

"நல்லா ஓடுற எஞ்சினு மேல எப்படி சார் பொய் சொல்றது?" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு, அதிகாரியிடம் திரும்பினார். "காத்து வந்துருச்சுங்கய்யா. காத்து இருக்கையில எண்ணெயை எரிப்பாகளா?"

அதிகாரி பேனாவைக் காகிதத்தில் வைத்து, மறுபடி எடுத்தார். அவருக்கும் மனசில்லை என்பது தெரிந்தது. "எஞ்சின் ஓட்டுற பரீட்சையில எஞ்சினை நிறுத்தியிருக்கார். நான் என்னத்த எழுத?" என்றவர், என் பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்டார். "ஒருவேளை நீங்க நிறுத்தச் சொன்னீங்களா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அந்தப் பெரிய மனுஷர் எனக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார். என் உத்தியோகம் நிரந்தரமாவதற்கான காகிதம் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. ஊரில் அய்யா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் ஒரு நொடியில் வந்துபோயிற்று.

"இல்ல சார்" என்றேன்.

அது பொய்யில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் குடைகிறது.

'தேறவில்லை' என்று எழுதிவிட்டு அதிகாரி போய்விட்டார். மறுநாள் காலையில் புதுமடத்துக்காரர் காக்கி உடுப்பைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். மச்சான்மாருக்கு என்ன பதில் சொல்வார் என்று நான் கேட்கவில்லை. தலையைக் குனிந்து உடுப்பை ரிஜிஸ்டரில் வரவு வைத்துக்கொண்டிருந்தேன். எனக்காக அவர்தான் வருத்தப்பட்டார்.

"விடுங்க சார். அடுத்த தடவ காத்து இல்லாத மாசமாப் பாத்துப் பரீட்சை வைக்கச் சொல்லுங்க. நான் தேறிருவேன்."

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மெய்யாகவே யோசனை சொல்கிறார். எழுதிப் பார்க்கிறேன் அண்ணே என்றேன். நேற்று ஒரு சொல் சொல்ல முடியாதவன், ஒரு கடிதமே எழுதுவதாகச் சொன்னேன். அவர் அதையும் நம்பினார்.