கோரை இல்லை, வெட்டிவேர்

அம்மாவின் போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பா விழித்தால் போச்சு.

எங்கள் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரம். எந்தச் செடி வைத்தாலும் அழுகிவிடும். அதனால் யாரிடமும் கேட்காமல் வெட்டிவேர் நட்டேன். இப்போது என் இடுப்புக்கு மேல் வளர்ந்து, ஊதா நிறத்தில் கதிர் விட்டிருக்கிறது.

இன்று சாயங்காலம் அப்பா களைக்கொல்லி டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றார்.

"ஏஞ்சாமி, கோரைய ஊட்டோரம் வளத்துறயா? மஞ்சக்காட்டுக்குள்ள பூந்துச்சுன்னா அப்பறம் அழிக்க முடியுமா?"

"கோரை இல்லீங்கப்பா, வெட்டிவேருங்க."

அவர் நம்பவில்லை. ஒரு தூரைக் கொத்தி எடுத்து, கோரைக்கிழங்கைத் தேடி மண்ணை உதறினார். கிழங்கு இல்லை. வேர்தான் கொத்தாகத் தொங்கியது. முகர்ந்து பார்த்தார். அம்மாவையும் கூப்பிட்டு முகரச் சொன்னார்.

"வாசமாத்தான் இருக்குது. ஆனாப் பரவுமா?"

"பரவாதுங்கப்பா."

தூரைத் திரும்ப நட்டு, காலால் மண்ணை மிதித்துவிட்டு, டேங்க்கைக் கழற்றி வைத்தார்.

வெட்டிவேர் வளர்ப்பவர்களே, பரவாதுதானே? நான் தெரியாமல்தான் சொன்னேன். பரவும் என்பவர்கள் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் பதில் போடுங்கள்.