சித்தூருக்கு நான்கு பேர்

2024 டிசம்பர் 24, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் காலை நாலரைக்கு எழுந்தேன். தண்ணீர் கொதிக்க வைத்து, முகம் மழித்து, முந்திய நாளின் குறிப்பை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி முடித்தேன். வேலை நாளாக இருந்தால் ஆறு நாற்பதுக்குத் தெருமுனையில் நிறுவன வேன் வந்து நிற்கும். ஏர்பேட்டுக்கு அப்பால் உள்ள ஆடைத் தொழிற்சாலைக்கு முப்பத்தைந்து நிமிடம். அங்கே நான் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். சட்டையின் கழுத்துப்பட்டியை அளந்து, குறித்த அளவுக்கு மூன்று மில்லிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவது என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து திருப்பதிக்கு வந்து ஆறு வருடமாகிறது. தனி ஆள். இந்த ஆறு வருடத்தில் என் வீட்டில் இன்னொருவர் நித்திரை கொண்டது முந்திய இரவுதான்.

வந்திருந்தவர்கள் மூவர். என் ஒரே தங்கை மெற்றில்டா, அவள் கணவர் சிவநேசன், அவர்களுடைய எட்டு வயது மகள் ஆரணி. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக வாடகைக் காரில் 140 கிலோமீற்றர். மூன்று மணி ஐம்பது நிமிடம்.

வந்த காரணம் இரண்டு. ஆரணி போன வருடம் நெருப்புக் காய்ச்சலில் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் எழும்பி நடந்தால் ஏழுமலையானுக்குப் படியேறி வந்து முடி தருவதாகச் சிவநேசன் நேர்ந்திருந்தார். அது ஒன்று. மற்றது, என்னோடு நத்தார், அதாவது கிறிஸ்துமஸ். நாங்கள் கத்தோலிக்கர், சிவநேசன் சைவர். பதினொரு வருடத்துக்கு முன் அவர்களுடைய கலியாணத்துக்கு நான் போகவில்லை. அவர் ஞானஸ்நானம் பெறாவிட்டால் வரமாட்டேன் என்று தங்கைக்குக் கடிதம் எழுதினேன். அவர் பெறவில்லை, நான் போகவில்லை. அம்மாவின் செத்தவீட்டில் ஒரே பந்தலின் கீழ் நின்றும் கதைக்கவில்லை. தங்கையின் குரலைத் தொலைபேசியில் திரும்பக் கேட்கத் தொடங்கியதே பிள்ளையின் காய்ச்சலுக்குப் பிறகுதான். ஆகவே இந்த மூன்று நாளில் எனக்கு ஒன்று கட்டாயம் நடக்கவேண்டியிருந்தது. மெற்றில்டாவோடு ஒரு நத்தார்ப் பூசை காணவேண்டும்.

காலை 5.20. வீட்டிலிருந்து அலிபிரிக்கு ஆறு கிலோமீற்றர். மலையடிவாரம் அதுதான்; படி அங்கேயே தொடங்குகிறது. காரோட்டி முனிரத்தினம் புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர். தமிழில் தொடங்கும் வசனத்தைத் தெலுங்கில் முடிப்பார். சிவநேசன் படியேறுவார், தாயும் மகளும் பேருந்தில் போவார்கள், நான் வீடு திரும்புவேன் என்பது என் ஏற்பாடு. பேருந்துக் கட்டணம் ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய். சீட்டு வாங்கப் போன மெற்றில்டா திரும்பி வந்தாள்.

"அண்ணா, இவருக்கு வலது முழங்கால் நோ. ஏறித்தான் தீருவன் எண்டு நிக்கிறார். ஆரும் கூடப் போனால் நல்லது."

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவர் இரக்கம் காட்டவில்லை.

"நீங்களே போங்க சார். வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போறீங்க? படி ஏறினா தொப்பையாச்சும் கொறையும்."

செருப்பைக் கழற்றிக் காரில் வைத்தேன்.

அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். தூரம் சுமார் ஒன்பது கிலோமீற்றர். வழி நெடுகக் கூரை உண்டு. அந்த நேரத்திலும் கூட்டம் குறைவில்லை. எங்களுக்கு முன்னால் நான்கு பெண்கள் ஒரு படி விடாமல் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய மோதிர விரல்கள் தேய்ந்து சிவந்திருந்தன. கல் பனியில் குளிர்ந்து கிடந்தது. நான் எண்ணிக்கொண்டு ஏறினேன், உதடு அசைந்திருக்கவேண்டும்.

"அண்ணை, மெய்யாய் எண்ணுறியளோ?"

"ஓம். இப்ப நானூற்றுப் பன்னிரண்டு."

"பிழைச்சால் கீழ போய்த் திரும்பத் தொடங்குவியளோ?"

சிவநேசன் நீரிறைக்கும் மோட்டார்கள் திருத்துபவர். குறைவாகப் பேசுகிறவர் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. ஆயிரமாவது படிக்குள், யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் உப்பைப் பற்றியும், பழுதான மோட்டாரைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து 'நேற்றுவரை ஓடினது' என்று பொய் சொல்பவர்களைப் பற்றியும் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் பேச்சை நிறுத்துவார்.

காலை 7.50. இரண்டாயிரத்தைத் தாண்டியபின் வரும் காலி கோபுரத்தடியில் இருந்தோம். மிளகாய்த்தூள் தூவிய வெள்ளரிக்காய் இருபது ரூபாய், இரண்டு வாங்கினேன். கீழே திருப்பதி முழுவதும் புகைமூட்டத்தில் கிடந்தது.

"நாளைக்கு நான் வீட்டில என்ன செய்யவேணும், அண்ணை?" என்றார்.

"ஏன், களைப்பாறுங்கோ."

"ஓம், அட்டவணையிலயும் அப்பிடித்தான் கிடந்தது."

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு நான் தங்கைக்கு ஓர் அட்டவணை அனுப்பியிருந்தேன். தேதி, நேரம், இடம், தூரம், ஆட்கள் என்று ஐந்து நிரல். 25ஆம் தேதிக்கு நேரே 'சித்தூர், தமிழ்ப் பூசை, 70 கி.மீ., ஆட்கள்: 3' என்றும், அடுத்த வரியில் 'சிவநேசன்: வீட்டில் ஓய்வு' என்றும் எழுதியிருந்தேன். அதை ஒரு மரியாதையாகவே நினைத்து எழுதினேன். அதைத்தான் சொன்னேன்.

"உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாதெண்டுதான்…"

"கட்டாயப்படுத்திறது ஒண்டு, கேக்கிறது ஒண்டு அண்ணை. முந்திக் கட்டாயப்படுத்தினியள். இப்ப கேக்கக்கூட இல்லை." வெள்ளரிக்காயைக் கடித்தார். "வந்திருப்பன் எண்டு சொல்லேல்லை. கேட்டிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. மோட்டாரில் எந்தக் கம்பி எரிந்தது என்று காட்டுகிறவரைப் போலச் சொன்னார். அந்த இடத்திலேயே நான் கேட்டிருக்கலாம். வெட்கத்தில், நேரமாகிறது என்றேன். எழுந்து நடந்தோம். அதற்குப் பிறகு எத்தனையாவது படி என்பது எனக்குத் தெரியாது.

காலை 10.05, திருமலை. முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை. சீட்டும் அரை பிளேடும் தருகிறார்கள். சிவநேசன் உள்ளே போய் நாற்பது நிமிடத்தில் வந்தார். பேருந்தில் வந்து காத்திருந்த ஆரணி தகப்பனைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"அப்பா, உங்கட காது எப்பவும் இவ்வளவு பெரிசோ?"

தரிசனச் சீட்டு முன்னூறு ரூபாய், நேரம் பிற்பகல் ஒரு மணி. தகப்பனும் மகளும் வரிசைக்குப் போனார்கள். நானும் தங்கையும் வெளியே ஒரு மர நிழலில் இருந்தோம்.

"அவர் உங்களிட்டச் சொல்லிப்போட்டார் போல," என்றாள்.

"சொன்னவர்."

"நானும் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. அவர் வராட்டில் நாளைக்கு நானும் வரேல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீங்கள் போட்டு வாங்கோ."

"நீ அவரிட்டக் கேட்டுப் பாரன்."

"நான் கேட்டால் வருவார். எனக்காகப் பதினொரு வரியமாய் எல்லா இடமும் வாறார்." என் முகத்தைப் பார்த்தாள். "கடிதம் எழுதினது நீங்கள்."

ஐந்து பத்துக்கு இருவரும் லட்டுப் பையோடு வந்தார்கள். ஆரணி சாமியை ஒரு நொடிதான் கண்டாளாம். ஆனால் சாமி தன்னை நன்றாகப் பார்த்தாராம்.

மாலை 5.45, இறங்கும் பேருந்து. தாயும் மகளும் முன் இருக்கையில். எனக்குப் பக்கத்தில் சிவநேசன். வளைவுக்கு வளைவு அவர் தோள் என் மேல் வந்து சாய்ந்தது. எத்தனையாவது வளைவில் கேட்டேன் என்று இப்போது யோசித்தும் நினைவில்லை.

"தம்பி, கலியாணத்துக்கு வராதது என்ர பிழை. அந்தக் கடிதமும் பிழை. நாளைக்குச் சித்தூருக்கு என்னோட வாங்கோ."

அவர் தலையைத் தடவினார்.

"இந்தத் தலையோடயோ?"

"இந்தத் தலையோடதான்."

பேருந்து இன்னும் இரண்டு வளைவு இறங்கியது. முன் இருக்கையில் மெற்றில்டா திரும்பவில்லை. ஆனால் ஆரணியோடு பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தியிருந்தாள்.

"வேட்டியோ, காற்சட்டையோ?" என்று கேட்டார் சிவநேசன்.

டிசம்பர் 25, புதன்கிழமை. காலை 6.10க்குப் புறப்பட்டோம். சிவநேசன் வேட்டி கட்டியிருந்தார். முனிரத்தினம் கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தார்.

"நேத்து கொண்ட, இன்னிக்கி சர்ச்சா சார்? ரெண்டு சாமியும் உங்க பேர எழுதிக்கினு இருப்பாங்க, பாருங்க." கொண்ட என்பது தெலுங்கில் மலை. இந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் திருமலையை அப்படித்தான் சொல்கிறார்கள்.

சந்திரகிரிக் கோட்டை பனிக்குள் பாதிதான் தெரிந்தது. பிறகு மாந்தோப்புகள், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், பூதலபட்டில் தேநீர் (ஐந்து பேருக்கு ஐம்பது ரூபாய்). சித்தூரில் தேவாலய வாசலை அடைந்தபோது 7.45.

எட்டு மணிக்குத் தமிழ்ப் பூசை, பத்துக்குத் தெலுங்கு. உள்ளே பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். ஆறு வருடமாகத் தெரிந்த வழக்கம்தான். இருந்தும் எனக்கு இது முன்பே தோன்றவில்லை. மூன்று பேராக வந்திருந்தால் நான் தனியே இருந்திருப்பேன். கூட்டத்தில் மொட்டைத் தலை பளிச்சென்று தெரிந்தது. யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று என் கண் தேடியது. எங்கள் மர வாங்கின் ஓரத்தில் இருந்த பெரியவர் நகர்ந்து இடம் விட்டார்.

"இன்னா நைனா, கொண்டைக்குப் போய்ட்டு வந்தியா? தர்சனம் நல்லா ஆச்சா?"

"நல்லா நடந்தது ஐயா," என்றார் சிவநேசன்.

"என் சின்ன மருமவன்கூட போன மாசம் மொட்ட அடிச்சிக்கினு வந்து இதே பெஞ்சிலதான் குந்திக்கினு இருந்தான்."

"அவர் சைவமோ?"

"அதெல்லாம் யார் கண்டா? சனிக்கெழம கொண்ட, ஞாயித்துக்கெழம சர்ச்சி. எங்க பொண்ணுதான் அவன மேச்சிக்கினு இருக்குது."

சிவநேசன் சத்தமாகச் சிரித்துவிட்டார். முன் வரிசையில் இருவர் திரும்பினார்கள். பாடல் தொடங்கியது.

நற்கருணை வாங்க வரிசை நகர்ந்தபோது அவர் கால்களை ஒதுக்கி வழிவிட்டார். அந்தக் கூட்டத்தில் எழுந்தவனுக்கு இடம் மிஞ்சாது; கதவோரம் நின்றவர்கள் உடனே உள்ளே வந்துவிடுவார்கள். நான் ஏழெட்டு நிமிடம் கழித்துத் திரும்பினேன். சிவநேசன் என் இடத்தில் உள்ளங்கையை விரித்து ஊன்றி, யாரோ ஒருவரிடம் தலையசைத்து மறுத்துக்கொண்டிருந்தார். நான் அருகில் வந்தபின்தான் கையை எடுத்தார்.

நத்தார்ச் சாப்பாட்டில் இறைச்சி இல்லாதது எனக்கு இதுவே முதல் தடவை. நேர்த்திக்காகச் சிவநேசன் ஊர் போய்ச் சேரும்வரை மரக்கறிதான். மெற்றில்டா கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாள், நான் பருப்பு வைத்தேன். எங்கள் ஊரில் நத்தாருக்கு வேலிக்கு மேலால் கேக் போகும். தைப்பொங்கலுக்கு அதே வேலிக்கு மேலால் பொங்கல் வரும். அதைப் பெருமையாகச் சொல்லித்தான் வளர்ந்தோம். ஒரு பெண் அந்த வேலியைத் தாண்டியபோது வேலியை உயர்த்தியவர்களும் நாங்கள்தான். சித்தூர்ப் பெரியவர் வீட்டிலும் முதலில் சண்டை நடந்திருக்கலாம். கேட்காமல் வந்துவிட்டேன்.

முன்னதாக, சித்தூரிலிருந்து திரும்பும் வழியில் முனிரத்தினம் காரை நிறுத்தி, இருபது ரூபாய்க்கு ஒரு பொதி சந்தனப் பொடி வாங்கி வந்திருந்தார். "மொட்டைக்கி ஒண்ணும் பூசலியா? வெயில் பட்டா எரியும்பா," என்றார். சிவநேசன், "இப்ப எரியேல்லை," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 26, வியாழக்கிழமை. அவர்கள் சென்னைக்குப் புறப்படும் நாள். நான் எழுந்து வந்தபோது சிவநேசன் குசினி வாசலில் சந்தனப் பொதியோடு நின்றார்.

"அண்ணை, பின்னுக்கு எரியுது. வெட்டுப் பட்டிருக்கோ, ஒருக்காப் பாருங்கோ. எனக்குத் தெரியுதில்லை."

விளக்கைப் போட்டு அவரைக் கதிரையில் இருத்தினேன். இடது காதுக்குப் பின்னால் இரண்டு சிறு கீறல்கள், உச்சி சிவந்திருந்தது. சந்தனப் பொடியைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்தேன்.

"ஒரே அளவாய்ப் பூசுவியளோ?" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

"ஆடாமல் இருங்கோ."

உச்சியில் தொடங்கி, கீறல்களைச் சுற்றி மெதுவாக, பிடரிவரை என் கையால் பூசினேன். ஓரிடமும் விடாமல் பூசி முடிக்க எட்டு நிமிடம் எடுத்தது.