ஒரு முறம் தவிடு

மில்லில் இருந்து வந்து சூடு ஆறாத தவிட்டின் மணம் கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புளிப்புமாக இருக்கும். அது மூக்கில் ஏறினால் இன்றும் என் கண் வாசலுக்குப் போகிறது. மண்ணூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில், பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கும் பிள்ளையை வேறு வீட்டுக்குக் கொடுத்து, ஒரு முறம் தவிடு தந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் சாவு ஏமாந்துபோகுமாம். எனக்கு முன்னால் இரண்டு பேரைப் பறிகொடுத்த அம்மா, எதிர்வீட்டுக் கன்னியம்மாளிடமிருந்து என்னை அப்படித்தான் 'வாங்கினாள்'. எனக்கு ஒன்றரை வயதானபோது கன்னியம்மாள் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் முகம் எனக்கு நினைவில்லை.

யார் என்ன கேட்டாலும், நான் தலையை இடது தோளில் சாய்த்து, நாக்கை இரண்டு முறை 'டொக் டொக்' என்று தட்டிவிட்டுத்தான் பதில் சொல்வேன். பின்னால் நிற்கும் யாரிடமோ உத்தரவு கேட்பது போல இருக்குமாம். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அது கன்னியம்மாளின் பழக்கம் என்றார்கள்.

"தவுட்டுக்கு வாங்கினதுதானே, ரத்தம் அங்கதான் இழுக்கும்" என்பாள் கிணற்றடியில் ஒருத்தி. "ரத்தமாவது, மண்ணாவது! பால் குடுத்தவ புத்திடி" என்பாள் இன்னொருத்தி. அவர்களுக்கு அது சிரிப்பு. நானோ, கன்னியம்மாளின் வீட்டுக்காரர் முனுசாமி ஒருநாள் வந்து என்னைத் திருப்பிக் கேட்பார் என்று பயந்துகொண்டே வளர்ந்தேன்.

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடையில், தெருவில் ஆள் நடமாட்டமில்லாத உச்சி வெயிலில், அவர் வந்தார். கையில் முறம். முறம் நிறையத் தவிடு.

"இந்தாம்மா உன் தவுடு. புள்ளயக் குடு."

அம்மா சிரிக்கப் பார்த்தாள். "இன்னாண்ணா, இந்த வெயில்ல வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லம்மா. என் பொண்டாட்டி எங்கியும் போவல. உன் வூட்டுலதான் கீறா." என் பக்கம் திரும்பினார். "நீ யாரு வூட்டுப் பொண்ணு, சொல்லு?"

அம்மாவைக் காட்டத்தான் நினைத்தேன். தலை தானாகச் சாய்ந்தது. நாக்கு இரண்டு முறை தட்டியது. முறம் அவர் கையிலிருந்து நழுவியது.

அம்மா சிதறிய தவிட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் நாந்தாண்ணா. எனக்குப் பால் இல்ல, அண்ணிதான் குடுத்துச்சு. அண்ணி போனப்புறம் என் மூஞ்சியப் பாத்தாலே இது வீல்னு கத்தும். அண்ணி மாதிரி தலைய சாச்சி நாக்கத் தட்டினாதான் வாய மூடும். மூணு வயசு வரிக்கும் இவளுக்காவ நான் அண்ணியா இருந்தேன். அப்பறம் நான் வுட்டுட்டேன். இவ வுடல."

அவர் அம்மாவுக்கு எதிரே குந்தினார். பிறகு, "ஒருவாட்டி செய்மா" என்றார். அம்மா செய்தாள். அவர் தவிட்டைக் கூட்டி அள்ளி எங்கள் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என்னைக் கேட்டு வரவில்லை.

ரத்தமா பாலா என்று கிணற்றடியில் மட்டும் பேச்சு ஓயவில்லை. யார் யாரை ஆக்கினார்கள் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அழுது அழுது அம்மாவைக் கன்னியம்மாளாக ஆக்கியது நானல்லவா!

இப்போது அந்தக் கிணறும் எதிர்வீடும் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டன. எங்கள் தெரு இருந்த இடத்தில் ஷிப்ட் பஸ் திரும்புகிறது. பிள்ளைக்குத் தவிடு கொடுப்பவர்கள் இல்லை, அம்மாவும் இல்லை. போன மாதம் என் மகள் வேலைக்குக் கிளம்பிய பின் அவள் குழந்தை விடாமல் அழுதது. யோசிக்காமல் தலையைச் சாய்த்து நாக்கைத் தட்டினேன். அழுகை நின்றது. குழந்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.