உட்கார்ந்து செய்கிற வேலை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், விளையாட்டு ஒதுக்கீட்டு சீட்டுக்காகச் சென்னைக் கல்லூரி ஒன்றில் ஓடிக் காட்டினேன். எண்ணூறு மீட்டர். மயிரிழையில் போயிற்று. "ஒரு வருஷம் நல்லா பிராக்டீஸ் பண்ணிட்டு வாம்மா, கண்டிப்பா பாக்கலாம்" என்றார் அங்கிருந்த கோச். சீட்டு கிடைத்தால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். கிடைக்காவிட்டால் ஓட்டம் அத்தோடு சரி.

ஒரு வருஷம் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் ஒரு பெண் ஓடிக்கொண்டு மட்டும் இருக்க முடியுமா? ஆம்பூரில் இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. காலையில் தெருமுனைக்கு ஷூ கம்பெனி வேன் வரும், ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். நாள் முழுக்க நின்றபடி தையலில் குறை பார்க்கிற வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டு கிடக்கும். அதனால் என் விஷயத்தில் ஒரே பிடிவாதம். நேரே சூப்பர்வைசரிடம் போனாள். "சார், இது ஓட்ற பொண்ணு. நிக்க வெச்சீங்கன்னா காலு பூடும். உக்காந்து செய்யற வேலையா பாத்துக் குடுங்க சார்." யாரிடமும் எதற்கும் தலை குனியாத என் அம்மா கெஞ்சினாள்.

பேஸ்டிங் மேசையில் இடம் கிடைத்தது. தோல் துண்டின் ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் பசை தடவி, மடித்து, ஒட்ட வேண்டும். நாற்காலி உண்டு. "மகாராணி கணக்கா உக்காந்துக்கினு செய்டி" என்று அம்மா பூரித்துப்போனாள். நின்று வேலை செய்கிற பெண்களுக்கு என் மேல் வயிற்றெரிச்சல். எனக்கும் கொஞ்சம் திமிர் வந்தது, பொய் சொல்வானேன்.

விடியற்காலையில் பாலாற்று மணலில் ஓடுவேன், பிறகு வேனைப் பிடிப்பேன். சொல்யூஷன் வாசனை முதலில் தலைவலி தந்தது, அப்புறம் பழகிவிட்டது. தலைமுடியில், சோற்றில், தலையணையில் எல்லாம் அதுதான். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று மட்டும் எல்லோருக்கும் மாஸ்க் வரும், சுவர் மூலையில் தூங்குகிற பெரிய ஃபேனும் சுற்றும். கார் கேட்டைத் தாண்டியதும் மாஸ்க்கைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வார்கள். என்ன கரிசனம், அடேயப்பா!

பக்கத்து நாற்காலியில் ஒரு பாய் வீட்டு அக்கா. பல வருஷமாக அதே மேசை. மாடியில் இருக்கிற கேன்டீனுக்கு ஏறும்போது பாதியில் நின்றுவிடுவாள். "ஜாஸ்தி சாப்ட்டுட்டேன் போல, மூச்சு வாங்குது" என்பாள். "சாப்பாட்ட கம்மி பண்ணுக்கா" என்று நான் கிண்டல் செய்வேன். மார்கழியில் எனக்கு இருமல் வந்தபோது பனி என்று நினைத்தேன். அம்மா மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

அடுத்த கோடையில் மறுபடியும் அதே கல்லூரி மைதானம். முதல் சுற்றில் நான்தான் முன்னால். இரண்டாவது சுற்றின் வளைவில் நெஞ்சு அடைத்தது. கால் துடிப்பாக இருந்தது, இன்னும் இன்னும் என்று கேட்டது. மூச்சுதான் வரவில்லை. ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். முடித்துப் புல்லில் விழுந்து இருமினேன். வாயெல்லாம் சொல்யூஷன் கசப்பு. கேன்டீன் படியில் நின்றுவிடுகிற அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. எல்லாம் விளங்கிவிட்டது. பாவிகளா, ஒரு மாஸ்க்குக்கா உங்களுக்குப் பஞ்சம்?

அம்மா லீவு போட்டுவிட்டு வந்து கேட்டுக்கு வெளியே காத்திருந்தாள். "இன்னாச்சு?"

அவள் கெஞ்சி வாங்கிக் கொடுத்த நாற்காலிதான் என் மூச்சைத் தின்றது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "கால் புடிச்சிக்கிச்சும்மா" என்றேன். "ஐயோ, என் கால் ராசி உனக்கும் வந்துடுச்சே" என்று அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க, என் கெண்டைக்காலை அமுக்கிவிட்டாள். வலிக்காத கால். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் அழுத்தி அமுக்கினாள்.

ஊர் திரும்பியதும் உள்ளூர்க் கல்லூரியில் பி.காமுக்கு எழுதிப் போட்டேன். சேரும் வரை பேக்கிங்கில் நிற்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு மாறிக்கொண்டேன். "கொழுப்புடி உனக்கு" என்று அம்மா திட்டினாள். பேச்சே நின்றுபோனது.

ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே அவளாகப் பேசினாள். "நீ உக்காந்த எடம் சும்மா கெடக்குது. எதிர்வூட்டுப் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு வூட்லயே கீது. நான்தான் சார்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கெழமை வருது."

அதற்குமேல் முடியவில்லை. "வேணாம்மா" என்று ஆரம்பித்து, சொல்யூஷன், இருமல், அக்கா, அன்றைக்கு வளைவில் அடைத்த மூச்சு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஓடறப்பவே தெரிஞ்சிடுச்சும்மா."

பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப எதுக்குடி என்ன கால் அமுக்க வுட்ட?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள்.