டைனமிக்ஸ் தேர்வில் சந்தியாகப்பர் செய்த உதவி

கணக்கில் தோற்று, ஊருக்குத் திரும்ப முகமில்லாமல், மதுரையில் விடுதி அறையில் போர்வைக்குள் கிடந்து அழுதவன் நான். அந்த அழுகைக்குப் பதில் வந்தது. எப்படி வந்தது என்பதை, எங்கள் ஊர்ப் புனிதர் சந்தியாகப்பரை நம்புகிற நம் சனங்களுக்குச் சொல்லாமல் இருந்தால் என் மனம் ஆறாது.

என் பெயர் சவரிமுத்து. தங்கச்சிமடம் கடற்கரையில் பிறந்தவன். அய்யாவுக்கு ஒரு வள்ளம் இருந்தது. கடல்காரன் மகனாகப் பிறந்தும் கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கரையை ஒட்டிப் போகும்வரை ஒன்றும் செய்யாது. கரை கண்ணுக்கு மறைந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அப்புறம் வள்ளத்துக்குள் சுருண்டு கிடக்க வேண்டியதுதான். அய்யாவோடு வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பங்குச் சாமியார் எடுத்துச் சொல்லித்தான் அய்யா என்னைக் கல்லூரி வரை அனுப்பினார். அனுப்பும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "படிப்பு வந்தாப் படி. வரலேன்னா வந்து வள்ளத்துல ஏறிரு. ரெண்டுங்கெட்டானா நிக்கக் கூடாது."

பட்டப்படிப்புக்குக் கணிதம் எடுத்தேன். முதல் இரண்டு வருடம் எப்படியோ ஓடியது. கடைசி வருடம் டைனமிக்ஸ் வந்தது. பந்து எறிவது, கல் விழுவது, குண்டு பாய்வது எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிற பாடம். அதை நடத்திய பேராசிரியரைக் கண்டால் மாடிப்படியில் நிற்கிறவன்கூடக் கீழே இறங்கிவிடுவான். அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். தப்பான கணக்கின் மேல் ஒரு முட்டை போட்டு, பேப்பரை நம் கையில் கொடுத்து, "இது என்ன, சொல்லு" என்று கேட்டுவிட்டு நிற்பார். வகுப்பே பார்க்கும். நாங்கள் அவரை முட்டை சார் என்றுதான் சொல்வோம். வகுப்பில் பாதிப் பேர் முட்டை வாங்கினோம் என்றாலும் மற்றவர்களுக்கு அவ்வப்போது வந்தது எனக்கு வாராவாரம் வந்தது.

நான் சோம்பேறி இல்லை. பாடத்தை மனப்பாடமாகச் சொல்வேன். கணக்கைப் போடும்போது மட்டும் விடை எங்கேயோ போய் நிற்கும். பக்கத்து அறை இப்ராகிம் கீழக்கரைக்காரன், நன்றாகப் படிக்கிறவன். அவனும் என்னோடு உட்கார்ந்து பார்த்து, வழி சரியாகத்தானே இருக்கிறது என்று தலையைச் சொறிந்தான்.

ஐம்பத்தெட்டாம் வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது நேரே சந்தியாகப்பர் கோவிலுக்குப் போனேன். முட்டை சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் உப்பும் மிளகும் காணிக்கை வைத்து, கோவில் வாசலில் எல்லோருக்கும் அசனச் சாப்பாடும் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். விடுதியில் எல்லோருக்காகவும் சேர்த்துத்தான் வேண்டினேன், எனக்காக மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து பெருமையாக ஆத்தாவிடம் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"ஏலே, ஒருத்தர ஊரவிட்டு வெரட்டவா சந்தியாகப்பரு ஒக்காந்திருக்காரு? எங்கன தப்புப் பண்றேன்னு எனக்குக் காட்டுங்கன்னு கேளு."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் பூசை முடிந்ததும் சுரூபத்தின் முன் முழங்காலிட்டு, பழைய நேர்ச்சையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆத்தா சொன்னபடியே கேட்டேன். அசனத்தை மட்டும் மாற்றவில்லை.

தை மாதம் கல்லூரியில் தகுதித் தேர்வு வைத்தார்கள். அதில் தேறினால்தான் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பெயர் போகும். டைனமிக்ஸில் எனக்கு மறுபடியும் முட்டை. என் பெயர் போகவில்லை. அன்றைக்குத்தான் போர்வைக்குள் கிடந்து அழுதேன். கேட்டதைக்கூடவா கொடுக்கக் கூடாது என்று சந்தியாகப்பரோடு சண்டை போட்டேன். கடைசியில், சரி, வள்ளம்தான் நமக்கு விதித்தது என்று பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

தை அமாவாசைக்கு முந்தின நாள் அது. இராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போகிற கூட்டம், ரயிலில் நிற்க இடமில்லை. மானாமதுரை தாண்டித்தான் பார்க்கிறேன், எதிர்ப் பலகையில் முட்டை சார். தகப்பனாருக்குத் திதி கொடுக்க மனைவியோடு வந்திருக்கிறார். நகரவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல் மண்டபம் வரை வந்தேன்.

ரயில் பாம்பன் பாலத்தில் ஏறி ஊர்ந்தது. துண்டை எடுக்காமல் இருக்க முடியவில்லை, என் ஊர் வந்துவிட்டதே. அவருடைய மனைவி பயந்துபோய் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இங்கே எவ்வளவு ஆழம் இருக்கும் என்று பொதுவாகக் கேட்டார்கள். வாய் சும்மா இருக்கவில்லை.

"இங்கன ரெண்டு பாகம் இருக்கும்மா. அங்கன, கப்பல் போற வழியில கூடும்" என்றேன்.

பாகம் என்றால் என்ன என்று கேட்டார்கள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம். சின்ன வயதில், கரையோரம் போகும்போது ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் விட்டு, கை அளவாக எண்ணிச் சொல்வது என் வேலை. ஒரு பாகம், இரண்டு பாகம், மூன்று பாகம் என்று, குண்டு கீழே போகப் போக எண்ணிக்கை ஏறும். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சவரிமுத்து, உன் பேப்பர்ல எறிஞ்ச பந்து மேலே போய்க்கிட்டே இருந்துச்சு. கீழே வரவே இல்லை. நல்லாப் படிக்கிற பையன் ஏன் இப்படி எழுதுறான்னு எனக்குப் பிடிபடலை" என்றார். "நீ கீழே போறதைக் கூட்டல்னு வைக்கிறே. நான் மேலே போறதைக் கூட்டல்னு வைக்கிறேன். ரெண்டையும் ஒரே கணக்குல போட்டுக் குழப்புறே."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆமாம். எறிகிற வேகத்தை அவர் சொல்லிக்கொடுத்தபடி மேல்நோக்கிக் கூட்டலாக எழுதுவேன். பூமி இழுப்பது வந்ததும் என் கை தானாகக் கீழ்நோக்கிக் கூட்டிவிடும். கீழே இழுக்க வேண்டியதும் சேர்ந்து மேலே தள்ளினால் பந்து எப்படி இறங்கும்? எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று காட்டச் சொல்லித்தானே கேட்டேன். காட்டிவிட்டார். முட்டை சாரை ஊரைவிட்டு மாற்றச் சொன்னேன், சந்தியாகப்பர் அவரை எங்கள் ஊருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பாம்பனில் நான் இறங்கும்போது, திங்கட்கிழமை காலையில் என் அறைக்கு வந்துவிடு, மறுபடி எழுத வைக்கிறேன் என்றார் சார். போனேன். ஒவ்வொரு கணக்குக்கும் முதலில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு ஆரம்பி என்று மட்டும் சொன்னார். பந்து எல்லாம் ஒழுங்காகக் கீழே வந்தது. அவரே கல்லூரி முதல்வரிடம் பேசி என் பெயரை அனுப்பி வைத்தார்.

பங்குனியில் பல்கலைக்கழகத் தேர்வு எழுதிவிட்டு ஊருக்கு வந்தேன். முடிவு வரும்வரை சும்மா உட்கார்ந்து தின்ன மனம் வரவில்லை. அய்யாவோடு வள்ளத்தில் ஏறினேன். ஒவ்வொரு நாளும் வாந்தி. கரைக்கு வந்ததும் அய்யா வாளியில் தண்ணீர் மொண்டு நான் கிடந்த இடத்தைக் கழுவுவார். இதுவே என் பிழைப்பாகிவிடுமோ என்று அவர் கழுவுகிறதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். சர்வேசுரா, இந்த ஒன்றை மட்டும் செய்துவிடு என்று அலைவாயில் நின்று கேட்பேன்.

வைகாசியில் ஒரு காலை, வள்ளத்தைத் தள்ளுகிற நேரம். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பங்குச் சாமியாரே தேர்வு முடிவு வந்த செய்திப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு அங்கியோடு மணலில் ஓடிவந்தார். என் நம்பர் அதில் இருந்தது. அய்யா அந்த அச்செழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பிறகு என் தோளைத் தொட்டார்.

"அப்ப நீ எறங்கிக்க" என்றார். "எனக்கும் வள்ளம் கழுவுற வேல மிச்சம்."

இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் நின்று வள்ளத்தைத் தள்ளிவிட்டேன். அழுகை அடங்கவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அசனம் போட்டோம். இப்ராகிமும் கீழக்கரையிலிருந்து வந்து சாப்பிட்டான்.

இன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அன்றிலிருந்து ஒரு நாளும் மண்டியிடாமல் நான் படுத்ததில்லை. பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளைகளே, பிள்ளைகளுக்காகப் பயப்படுகிற தாய் தகப்பனே, சந்தியாகப்பரிடம் போங்கள். இவரை மாற்று, அதைக் கொடு என்று அவருக்கு வழி சொல்லிக்கொடுக்காதீர்கள். எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். தெரியவில்லை என்று சொன்ன என்னை அவர் கரையேற்றினார். உங்களையும் ஏற்றுவார்.