பிரேக் எட்டாத வண்டி

புதுப் பெயிண்டின் மேல் சாரல் விழுந்தால் ஒரு வாசனை வரும், கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொஞ்சம் ஈர இரும்பும் கலந்தாற்போல; அந்த வாசனையோடுதான் என் அக்கா இசக்கியின் மூன்று சக்கர வண்டி, ஓர் ஆனி மாதக் காலையில், மேலகரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

பிள்ளைகளே, அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் பலமிழந்துவிட்டன. பள்ளிக்கூடம் முடிக்கிறவரை அப்பாதான் சைக்கிளில் தூக்கிவைத்துக் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே பிடிவாதம்: தென்காசிக்குப் போய் டைப்ரைட்டிங் படிக்க வேண்டும், அதுவும் தானே போய்த் தானே திரும்பி வர வேண்டும். அதற்காகத்தான் அப்பா, ஜன்னல் கம்பி அடிக்கிற வெல்டிங் பட்டறை அண்ணாச்சியிடம் சொல்லி அந்த வண்டியைச் செய்யவைத்தார். பெடல் போன்ற ஒரு பிடியை வலது கையால் சுற்றினால் வண்டி ஓடும், இடது கையால் திருப்பிக்கொள்ளலாம்.

எங்கள் பக்கம் புது வண்டி எதுவானாலும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றித்தான் எடுப்போம். அன்றும் அக்காவை உட்காரவைத்து, தெருவே கூடி ஆளுக்கொரு கை போட்டுத் தள்ளினோம். பழம் நசுங்கியது. கோயில்வரை தள்ளிக்கொண்டு போனோம், நிறுத்த வேண்டிய இடத்தில் நாங்களே பிடித்து நிறுத்தினோம். ‘வண்டி வெண்ணெ மாதிரிலா போகுது’ என்று அம்மா பூரித்துப்போனாள். அத்தனை பேர் பாசமாகத் தள்ளியதில், வண்டிக்குச் சொந்தக்காரி அதை ஓட்டியே பார்க்கவில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் தோன்றியது. தென்காசிப் பக்கம் சாலை கொஞ்சம் சரிவு. அக்கா தனியாகச் சுற்றிக்கொண்டு போனாள். சரிவில் வண்டி தானாகவே வேகம் பிடித்தது. பிரேக் கம்பியோ முழங்காலுக்கும் முன்னால், குனிந்து எட்டிப் பிடிக்கிற இடத்தில் இருந்தது. குனிந்தால் அவள் குப்புற விழுவாள். வேறு வழியில்லாமல் வண்டியைத் திருப்பி, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினாள். முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது.

‘இனி தனியா போக வேண்டாம்ட்டி. தம்பி தள்ளிட்டு வரட்டும், இல்லன்னா கிளாஸே வேண்டாம்’ என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். அக்கா அழவில்லை. ‘பட்டறைக்குத் தள்ளுலே’ என்றாள் என்னிடம்.

பட்டறை அண்ணாச்சி கெட்டவரில்லை. ‘நானே ஏறிச் சுத்திப் பாத்துத்தான் குடுத்தேன் பாப்பா. பழக்கம் இல்லாம இருக்கு, பழகிட்டா சரியாயிரும்’ என்றார்.

‘அப்ப இன்னொரு தடவ ஏறுங்க அண்ணாச்சி. ஆனா சம்மணம் போட்டு உக்காரணும்.’

‘அது எதுக்கு?’

‘என் காலு மாதிரி உங்க காலும் சும்மா இருக்கணும்லா!’

நான் அக்காவை இறக்கி உட்காரவைத்தேன்; அவர் சிரித்துக்கொண்டே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிர்த்த டீக்கடையிலிருந்து ஒருவர், ‘அண்ணாச்சி, லைசென்ஸ் இருக்கா?’ என்று கத்தினார். பட்டறை வாசல் சரிவில் வண்டி உருண்டது. அண்ணாச்சி பிரேக்கை எட்டக் குனிந்தார், சீட்டிலிருந்து வழுக்கினார், சட்டென்று இரண்டு காலையும் தரையில் ஊன்றி வண்டியை நிறுத்தினார். டீக்கடையில் ஒரே சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

‘இப்ப காலை ஊனிட்டீங்க. நான் எதை ஊனுவேன்?’

அண்ணாச்சி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். முதல்முறை ஓட்டியபோதும் அவர் கால்கள் அவருக்குத் தெரியாமலே, கால் வைக்கிற பலகையில் உந்தி உதவியிருக்கின்றன. ‘இங்கனயே இரு பாப்பா’ என்று வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிரேக் கம்பி அறுபட்டு, இடது கைப் பிடிக்குக் கீழே, விரலுக்கு எட்டுகிற இடத்துக்கு வந்தது. அக்கா ஓட்டிப் பார்த்தாள், வண்டி நின்றது. அதோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம் என்றுதான் நான் நினைத்தேன். ‘காஞ்ச தரையில நிக்குது. சாரல்ல நிக்கணுமே’ என்று தூறல் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தூறல் வந்தது, ஈரத்தில் பிரேக் ரப்பர் வழுக்கியது. ‘நீ என்னைய விடமாட்ட போலிருக்கே’ என்று முனகியபடி அவர் அதையும் மாற்றினார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வரச் சம்மதித்தாள்.

மறுநாள் அவள் கிளம்பியபோது, ‘பின்னாலயே ஓடுலே’ என்று அம்மா என் காதில் சொன்னது அக்காவுக்குக் கேட்டுவிட்டது. ‘ஏலே, பின்னால வந்தன்னா, எறங்கி வந்து மிதிப்பேன் பாத்துக்கோ!’ என்றாள். அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. சரிவு தொடங்கும் இடத்தில் அவள் இடது கை பிரேக்கை அழுத்துவதும் வண்டி மெதுவாவதும் வாசலிலிருந்தே தெரிந்தது. நான் போகவில்லை.

பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் வண்டி செய்யலாம், நாற்காலி செய்யலாம், வேறு என்ன இயந்திரம் வேண்டுமானாலும் செய்யலாம். யாருக்காகச் செய்கிறீர்களோ அவரையே அதில் முதலில் உட்காரவையுங்கள். மழையிலும் சரிவிலும் அவர் ஓட்டிப் பார்த்துத் தலையசைக்கிறவரை வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள்.

அந்த வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பட்டறையும் இல்லை, டைப்ரைட்டிங் வகுப்பும் இல்லை. அக்கா தென்காசியில் சொந்தமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரில் போய் வருகிறாள். ‘கூட யாரு போறா?’ என்று முன்பெல்லாம் அவளைப் பற்றி எங்கள் வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை.