மொட்டைமாடியில் ஓர் இடியப்ப அடுப்பு

"2022 ஜூன், செவ்வாய். எரிவாயு இன்றும் வரவில்லை. கொழும்பு, காலி வீதியில் வெற்றுச் சிலிண்டர்கள் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கின்றன. காலையில் பொலிஸ் வந்தது. இடியப்பம் இல்லை."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. திகதி தவறாமல் எழுதுகிறவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. ஆனால் அந்தக் கடைசி இரண்டு வசனங்களுக்கு நடுவில் நடந்ததை அன்று எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில், பின்பக்க அறையொன்றை வாடகைக்கு எடுத்து ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய் கிளிநொச்சிக்காரி. கணவர் போரின் கடைசி மாதங்களில் ஷெல் விழுந்து இறந்தவர். மகள் பிறந்தது அதே வருடம். தாய் இடியப்பம் அவித்து மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்து மகளைப் படிப்பித்தாள். மாவுக்கான சிவப்பரிசியை ஊரில் வயல் செய்யும் தம்பி பஸ்ஸில் போட்டுவிடுவான்.

முதலில் நின்றது அரிசி. முந்தின வருடம் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியது. மாசியில் அறுவடை நேரம் தம்பி தொலைபேசியில் கதைத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"நெல்லெல்லாம் தலை நிமிர்ந்து நிக்குது அக்கா."

"நல்லதுதானேடா."

"உனக்கு வயல் மறந்து போச்சு. மணி பிடிச்சால் தலை குனியுமெல்லே. உள்ளுக்கை ஒண்டுமில்லை."

அதன்பிறகு அரிசியைக் கடையில் வாங்கினாள். அடுத்து எரிவாயு நின்றது. அறைக்குள் விறகு எரிக்க முடியாது. மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கியின் மறைவில், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். விறகு கொச்சிக்கடையிலிருந்து வந்தது. துறைமுகப் பக்கத்துப் பண்டசாலையில் மூட்டை சுமக்கும் கூலியாளாக, கொழும்பில் சொல்வதுபோல் 'நாட்டாமை'யாக, இருந்த ஒருவர், இறக்குமதி நின்றதும் உடைந்த பலகைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கடலோரமாக வெள்ளவத்தை வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவார்.

"கப்பலே வரல, நான் என்னாத்த தூக்குறது சார்? முன்னுக்கு அரிசி மூட்டை தூக்குனேன். இப்ப அரிசிமாவ அவிக்கிற விறகு தள்ளுறேன். பதவி உயர்வுதான்!"

சிரித்துவிட்டு, வண்டியின் பிடியில் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் நிற்பார்.

புகை நான்காம் மாடி ஜன்னல்களுக்குள் போனது. முறைப்பாடுகள் வந்தன. ஃபிளாட் கமிட்டியின் தலைவர் முதலாம் மாடி ஹாஜியார். புடைவைக் கடை வைத்திருந்தவர். கூட்டத்தில் முடிவாகச் சொன்னார்:

"இந்த மாசம் முடியிற வரைக்கும் பொகைய பொறுத்துக்குவோம். ஆனா பொலிஸ் ஒரு தரம் படி ஏறினா, அன்னைக்கே அடுப்ப எறக்கோணும். கேட்டீங்களா மாஸ்டர்? நீங்கதான் அந்தப் புள்ளைக்கு வெளங்கப்படுத்தணும்."

நான் போய்ச் சொன்னேன். அவள் மாவைக் குழைத்தபடியே கேட்டாள்.

"அடுப்பு இறங்கினால் நான் குவைத்துக்குப் போவன் ஐயா. கொட்டாஞ்சேனையில ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கிறான். இவள் தம்பி வீட்டை போவாள். அங்கை ஏற்கெனவே நாலு வாய்."

மகள் அப்பால் திரும்பி, இடியப்பத் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பாரமான சத்தம். போர்க்காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர் எவருக்கும் அந்தச் சத்தத்தைப் பிரித்தறியக் காது பழகியிருக்கும். போர் முடிந்து பதின்மூன்று வருடங்கள். ஆனாலும் எங்கள் மாடியில் நான்கு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. நான்கு பேர் கையிலும் அடையாள அட்டை. எதிர்வீட்டு ரீச்சர், அந்நாளில் சோதனைக்கு வருவோரிடம் தமிழர் காட்டவேண்டியிருந்த பழைய பொலிஸ் பதிவுத் துண்டையும் பிளாஸ்டிக் உறையோடு நீட்டினார். என் கையிலும் அட்டை இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது.

ஏறி வந்த கான்ஸ்டபிள் இளம் பையன். நீட்டிய கைகளைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"இதெல்லாம் எதற்கு?" என்று சிங்களத்தில் கேட்டான். "இடியப்பம் அவிக்கிற அக்கா எந்த மாடி?"

மேலே 'ஸ்ஸ்' என்று பெரிய சத்தம் எழுந்தது. நாங்கள் எல்லோரும் அவன் பின்னால் ஏறினோம். ஹாஜியாரும் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

தாய் அடுப்பில் வாளித் தண்ணீர் முழுவதையும் ஊற்றியிருந்தாள். வன்னியில், புகையைக் கண்டால் விமானம் வரும் என்று, சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு பங்கருக்குள் இறங்குவார்களாம். இதைப் பிறகுதான் சொன்னாள். சாம்பல் தண்ணீர் மாடியெங்கும் ஓடியது. அன்றைக்குக் கடைகளுக்குப் போகவேண்டிய தட்டுகள் எல்லாம் அதில் நனைந்து கிடந்தன. மகள் தாயின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"மாத்தயா, இனி மூட்டமாட்டன்" என்றாள் தாய். 'ஐயா' என்பதற்கான 'மாத்தயா' மட்டும் சிங்களம், மிச்சம் தமிழ்.

கான்ஸ்டபிள் அடுப்பைப் பார்த்தான். தட்டுகளைப் பார்த்தான். "அய்யோ அக்கே" என்றான். பிறகு மெதுவாக நிறையச் சொன்னான். அவளுக்குச் சிங்களம் அதிகம் ஓடாது.

"ஐயா, என்னவாம் கேக்கிறார்?"

"இடியப்பம் கேக்கிறார்."

"பகிடி விடாதேங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ."

"உண்மைதான். அவையின்ரை குசினியிலும் காஸ் இல்லையாம். காலையில பெடியள் வெறும் வயித்தோடை டியூட்டிக்குப் போறாங்களாம். ஒவ்வொரு நாளும் தரேலுமோ எண்டு கேக்கிறார்."

அவள் கான்ஸ்டபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "சம்பலும் வேணுமோ எண்டு கேளுங்கோ" என்றாள்.

ஹாஜியார்தான் முதலில் சிரித்தார். மகள் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

விறகெல்லாம் நனைந்துவிட்டதால் அன்று ஒன்றும் அவிக்க முடியவில்லை. நாட்டாமை மத்தியானம் காய்ந்த பலகை கொண்டுவந்தார். அடுத்த நாள் காலை கான்ஸ்டபிள் துவிச்சக்கர வண்டியில் வந்தான். ஜீப்புக்குப் பெற்றோல் இல்லை.

நான்காம் மாடிக்காரர் விடவில்லை. பொலிஸ் படி ஏறினால் அடுப்பு இறங்கவேண்டும் என்பதுதானே பேச்சு என்றார்.

"பொலிஸ் வந்திச்சி, வாங்கிச்சி, போச்சி" என்றார் ஹாஜியார். "நாளைக்கும் வரும். அடுப்ப எறக்கினா பொலிசுக்கு நீங்க சோறு போடுவீங்களா?"

அவள் குவைத்துக்குப் போகவில்லை. ஏஜென்சிக்காரன் வாயில் வந்தபடி ஏசியதாகச் சொன்னாள். மகள் ஊருக்குப் போகவில்லை. சில மாதங்களில் எரிவாயு வந்தது. அடுப்பு கீழே அறைக்குத் திரும்பியது. தம்பி மறுபடி விதைத்தான், உரத்துக்குக் கடன் பட்டு. நாட்டாமை அதன்பின் எங்கள் பக்கம் வரவில்லை. துறைமுகத்தில் மூட்டை திரும்ப வந்ததா, அவர் முதுகு அதற்குள் போய்விட்டதா, விசாரித்தும் அறிய முடியவில்லை.

ஒன்று மட்டும் என் குறிப்பில் இன்னும் கேள்விக்குறியோடு நிற்கிறது. மொட்டைமாடியில் ஒருத்தி இடியப்பம் அவிக்கிறாள் என்று பொலிசுக்குச் சொன்னது யார்? பசியோடு நின்றபோது சந்தியில் வயதான ஒருவர் சொன்னதாகக் கான்ஸ்டபிள் ஒருமுறை சொன்னான். தொப்பி போட்டிருந்தாரா என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்றான். ஹாஜியாரிடமும் கேட்டேன்.

"எனக்கென்ன வேல இல்லயா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு படி இறங்கினார்.

அவர்தான் என்று நான் நம்புகிறேன். ஆனால் இது உறுதிப்படுத்தப்படாத தகவல்.